தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டும் வீடுகள்

கேள்வி: அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய வீடுகள் தெருவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கின்றனவே, ஏன்?

பதில்: முக்கியமாகக் காற்றுக்காக. தென் கரோலினா மாநிலத்தின் இந்தத் துறைமுக நகரில் கோடைப் புழுக்கம் கடுமை. மனைகளோ குறுகி நீண்டவை. அதனால் ஓர் அறை அகலத்தில், உள்நோக்கி நீளமாகக் கட்டினார்கள். தெற்கிலோ மேற்கிலோ தளத்துக்குத் தளம் நீண்ட தாழ்வாரம் இருக்கும். அது வெயிலைத் தடுக்கும். எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். வேடிக்கை என்னவென்றால், தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டீர்கள், தாழ்வாரத்தில் போய் நிற்பீர்கள்! நிஜமான தலைவாசல் நீளப் பக்கத்தின் நடுவில் இருக்கும், நுழைந்ததும் மாடிப்படி.

பல வீடுகளின் வெளிச்சுவரில் இரும்பு வில்லைகள் தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1886 ஆகஸ்ட் 31 அன்று நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, விரிசல் கண்ட சுவர்களை இழுத்துப் பிடிக்க ஊடே செலுத்திய கம்பிகளின் முனைகள் அவை.

1931-இல் பழைய குடியிருப்புப் பகுதியைக் காக்க நகர நிர்வாகம் சட்டம் போட்டது. அமெரிக்காவில் இத்தகைய முதல் சட்டம் இதுவே.

சுற்றுலாப் படங்களில் முகப்புதான் வரும். பின்கட்டில் தனியே நிற்கும் சமையற்கட்டையும், அதன் மாடியில் அடிமைகள் அடைபட்டுக் கிடந்த அறைகளையும் காட்டமாட்டார்கள். இந்த வீடுகளை எழுப்பியதில் அந்தக் கறுப்பின மக்களின் உழைப்பே பெரும்பங்கு. போனால் பின்கட்டையும் கேட்டுப் பாருங்கள்.