சுகர் மாத்திரையும் வேலை நேரமும்: எது யாருக்குப் பொருந்தும்

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இந்தியாவில் இன்று ஏழெட்டு வகை மாத்திரைகள் கிடைக்கின்றன. எது சர்க்கரையை வேகமாக இறக்கும் என்பது இவற்றுள் தேர்வு செய்ய உதவும் கேள்வியல்ல. சாப்பாட்டு நேரத்துக்கும் செய்கிற வேலைக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் எது ஒத்துவரும் என்று பார்ப்பதே சரி. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான பகுதியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் மூன்று ஷிப்ட். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். காசிமேட்டு விசைப்படகுகள் பல நாள் கடலிலேயே இருக்கும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறவரை மனதில் வைத்து எழுதும் மருந்துச்சீட்டு இங்கே பலருக்கு ஒத்துவராது.

நீரிழிவு மருத்துவத்துக்கு இந்தப் பகுதி புதிதல்ல. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன், 1954இல் ராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. நோயோ பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

பெரும்பாலோருக்கு முதல் மாத்திரை மெட்ஃபார்மின். கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையை இது குறைக்கிறது. எடையைக் கூட்டாது. தனியாக எடுத்தால் லோ சுகர் வருவது அரிது. விலையும் குறைவு. வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான் தொல்லை. 500 மி.கி.யில் தொடங்கி, சாப்பிட்டவுடன் போட்டு, ஓரிரு வாரத்துக்கொருமுறை மெல்லக் கூட்டினால் பலருக்கு இது அடங்கிவிடும். அப்படியும் அடங்காதவர்களுக்கு மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை உண்டு. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அதன் வெறும் கூடு மலத்தில் வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. மருந்து உடம்பில் இறங்கியபின் மிஞ்சும் சக்கை அது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். அளவு 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே நிறுத்த வேண்டும். பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். கால் மதமதப்பு எல்லாவற்றையும் சுகரின் மேல் போட்டுவிடாமல் பி12 பரிசோதனையும் செய்துபார்ப்பது நல்லது.

அடுத்தது கிளைமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை அடங்கிய சல்ஃபோனைல்யூரியா வகை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நன்றாகவும் சீக்கிரமாகவும் வேலை செய்யும், மலிவும்கூட. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் இதன் ஆபத்து. காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, வழியில் டிபன் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பும் லாரி ஓட்டுநர் துறைமுக வாசலில் பத்து மணிவரை மாட்டிக்கொண்டால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவருக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். கிரேன் இயக்குபவர், உயரத்தில் வெல்டிங் செய்பவர், தனியாக இரவுக்காவல் இருப்பவர் ஆகியோருக்கும் இதே கவலைதான். இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வகை கிடைக்கும்போது சல்ஃபோனைல்யூரியாவைத் தவிர்ப்பதே மேல். செலவு கருதி இதையேதான் எடுக்க வேண்டுமென்றால் குறைந்த அளவு கிளிக்லசைடு ஓரளவு பாதுகாப்பானது. கிளிபென்கிளமைடு உடம்பில் நெடுநேரம் தங்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. இந்த வகையில் மறக்கக் கூடாத விதி ஒன்றுதான்: சாப்பாடு கைக்கு வந்தபின் மாத்திரை, சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை.

மீன்பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். உடலுழைப்பு குறையும் அந்த 61 நாளில் சர்க்கரை ஏறி, மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருக்கலாம். தடை முடிந்து வலை இழுக்கப் போகும்போதும் அதே அளவு தொடர்ந்தால் நடுக்கடலில் லோ சுகர் வரலாம். கடலுக்குப் போகுமுன் அளவை மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளிப்டின் வகையில் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், லினாகிளிப்டின் ஆகியவை உண்டு. சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினைக் கூட்டுவதால் தனியாகவோ மெட்ஃபார்மினுடனோ எடுத்தால் லோ சுகர் அரிது. சர்க்கரையை இறக்கும் திறன் மிதமானதே. ஆனால் சாப்பாட்டு நேரம் நிலையில்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் நிம்மதியான தேர்வு. காப்புரிமை முடிந்து வில்டாகிளிப்டினும், 2022இல் சிட்டாகிளிப்டினும் விலை இறங்கிவிட்டன. சிறுநீரகம் பழுதானால் சிட்டாகிளிப்டின் அளவைக் குறைக்க வேண்டும், லினாகிளிப்டினுக்கு அது தேவையில்லை. கடும் வயிற்றுவலி முதுகுவரை பாய்ந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கணைய அழற்சியாக இருக்கலாம்.

டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீரில் புரதம் கசிபவர்களுக்கும் இவை சர்க்கரையைக் குறைப்பதோடு உறுப்பையும் காப்பாற்றுகின்றன. இந்தப் பலன் மற்ற மாத்திரைகளுக்கு இந்த அளவு இல்லை. ஆனால் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்காமல் எழுதக்கூடாத மருந்து இது. பாய்லர் பக்கத்தில் வியர்த்துக் கொட்டுகிறவருக்கும், மே மாத வெயிலில் யார்டில் நிற்பவருக்கும் உடம்பில் நீர் வற்றும், பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் தலைசுற்றி விழலாம். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள், அடிக்கடி சிறுநீர் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அது ஆபத்தை இரட்டிப்பாக்கும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் சகஜம். தினமும் தண்ணீரில் கழுவித் துடைத்து உலர வைத்தால் குறையும். அரிப்புக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி, கூடவே கிளைமிபிரைடும் எடுப்பவருக்கு லோ சுகர் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. பட்டினி, வாந்தி, அறுவைச் சிகிச்சை ஆகிய நேரங்களில், சர்க்கரை அளவு அதிகமாக இல்லாதபோதும் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். அதனால் அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்துகிறார்கள்.

பயோகிளிட்டசோன் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும். கால் வீக்கம், எடை கூடுதல், எலும்பு முறிவு, இதயச் செயலிழப்பு ஆகியவை இதன் மறுபக்கம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே எச்சரிக்கைக் குறிப்புடன் திரும்ப அனுமதிக்கப்பட்டது. வோக்லிபோஸும் அகார்போஸும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவதால் வயிறு உப்பும், வாயு பிரியும்; சோறு அதிகம் சாப்பிடுபவருக்குச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போட்டால் ஓரளவு உதவும். மாத்திரை வடிவ செமாகுளூட்டைடு எடையையும் குறைக்கும், விலை அதிகம். வெறும் வயிற்றில் 120 மி.லி.க்கு மேல் போகாத தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் டீகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும்.

இத்தனை வகையும் தனித்தனியாக விற்கப்படுவதைவிட ஒரே மாத்திரைக்குள் கலந்து விற்கப்படுவதே இங்கே அதிகம். பெயருக்குப் பின்னால் வரும் எம்1, எம்2 போன்ற குறிகளில் எண் பெரும்பாலும் கிளைமிபிரைடின் மில்லிகிராமைக் குறிக்கும், எம் மெட்ஃபார்மினை. எம்1 தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் எம்2 கொடுத்தால் லோ சுகர் தரும் மருந்து இரண்டு மடங்காகிவிடும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக வீட்டுக்கு வரும் மெட்ஃபார்மினையும், தனியார் மருத்துவர் எழுதிய கலப்பு மாத்திரையையும் சேர்த்து, இரண்டிலும் அதே மருந்து இருப்பது தெரியாமலேயே எடுப்பவர்கள் உண்டு. விலைக்காக மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ மாறுவதில் தவறில்லை. மாறும்போது மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பாதி அட்டை வாங்குபவர்கள் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் மாத்திரையை எதிர்ப்பக்கத்திலிருந்து பிரித்தால் அந்த எழுத்து கடைசிவரை நிற்கும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குச் சல்ஃபோனைல்யூரியாவின் வேகம் குறைந்து சர்க்கரை ஏறும். ஆறு மாதச் சிகிச்சை முடிந்ததும் அந்த வேகம் திரும்பும். இரண்டு நேரத்திலும் மருந்தளவைப் பார்க்க வேண்டும். ராயபுரத்தில் ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் போவது அவசியம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் ஆகியவை வந்தால் மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசின் வகையையும் நிறுத்திவைத்து, சர்க்கரையைப் பார்த்து, அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே மாத்திரைப் பட்டியலைக் காட்ட வேண்டும்.

கை நடுங்கி, வியர்த்து, பதற்றம் வந்தால் அது லோ சுகராக இருக்கலாம்; மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து, பிறகு சாப்பிட வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் சாக்லேட்டும் உடனே வேலை செய்யாது. அவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமே இருக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். சல்ஃபோனைல்யூரியாவால் மயங்கியவர் தெளிந்த பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால், ஒரு நாளாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

எந்த மருத்துவரிடம் போனாலும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டுமருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.