முழு வர்க்கமல்லாத எண்ணின் வர்க்கமூலம்

1 முதல் 100 வரையுள்ள எண்களில் முழு வர்க்கங்களாக அமைந்தவை பத்தே பத்து. ஏனைய 90 எண்களுக்கும் வர்க்கமூலம் முழு எண்ணாக வருவதில்லை. தசமத்தில் எழுதப் புகுந்தால் முடிவின்றி நீண்டு கொண்டே போகும். பாடப் புத்தகங்களில் 144, 225, 625 போன்ற எண்கள் அடிக்கடி வருவதால், மூலம் என்பது எப்போதும் தீர்ந்து வரும் என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் எளிதில் பதிந்துவிடுகிறது. ஆனால் நிலத்தில் கயிறு பிடித்து அளக்கும் ஊழியருக்கு எதிர்ப்படுவன பெரும்பாலும் தீராத மூலங்களே. அவற்றை எவ்வாறு காண்பது, கண்ட விடையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதை எவ்வாறு அறிவது என்னும் இரண்டு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கையடக்கக் கணிப்பானும் கைபேசியும் நொடிப்பொழுதில் மூலத்தைத் தந்துவிடும் இக்காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். எண் ஒன்றைத் தவறாக அழுத்திவிட்டால் கருவி அத்தவற்றைச் சுட்டிக் காட்டாது. விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்னதாகவே அறிந்தவரே அதனைக் கண்டுகொள்வார்.

வாய்க்கணக்கும் அதன் எல்லையும்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண, வர்க்கமூலம் இல்லாத ஒரு வாய்க்கணக்கு தமிழ்நாட்டில் வழங்கி வருகிறது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்துடன் குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. பக்கங்கள் 4, 3 எனில், 3.5 + 1.5 = 5. பக்கங்கள் 12, 5 எனில், 10.5 + 2.5 = 13. இரண்டும் முற்றிலும் சரியான விடைகள். இவற்றைக் கண்டவர் இம்முறை எங்கும் செல்லும் என்று நம்புவதில் வியப்பில்லை.

இப்போது 8 மீட்டர் பக்கமுள்ள சதுர மனை ஒன்றுக்குக் கடைக்கால் குறிப்பதாகக் கொள்வோம். வாய்க்கணக்கின்படி மூலைவிட்டம் 7 + 4 = 11 மீட்டர். உண்மையில் அது 128-இன் வர்க்கமூலம், அதாவது 11.314 மீட்டர். வேறுபாடு 31 சென்டிமீட்டருக்கு மேல். முளைகளை 11 மீட்டர் மூலைவிட்டத்திற்கு ஏற்ப அடித்துவிட்டால், நான்கு பக்கங்களும் 8 மீட்டராகவே இருக்கும். ஆயினும் மூலையின் கோணம் 90 பாகையாக இராது. ஏறத்தாழ 87 பாகைதான் இருக்கும். மற்றொரு மூலைவிட்டம் 11.62 மீட்டராக நீண்டுவிடும். மனை சதுரமாக அமையாமல் சாய்சதுரமாகிவிடும். அதன்மேல் எழும் சுவரும் தளமும் அக்கோணலைத் தாங்கியே நிற்க வேண்டியதுதான்.

இதனால் வாய்க்கணக்கு இகழத்தக்கது என்பதன்று. விரைவாக ஒரு மதிப்பீடு பெற அது பயன்படும். ஆனால் அதன் பிழை எவ்வளவு என்பதை அம்முறையே நமக்குச் சொல்வதில்லை. அளவுக் கணக்கில் குறை இதுவே. பிழையின் எல்லையையும் உடன் காட்டும் முறைகளே நமக்குத் தேவை.

மூலம் ஏன் தீர்வதில்லை?

12 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 3-இன் வர்க்கம் 9. 4-இன் வர்க்கம் 16. ஆகவே 12-க்கு முழு எண் மூலம் இல்லை. மூலம் ஒரு பின்னமாக இருக்கலாமோ எனில், அதுவும் இயலாது. பொதுக் காரணிகளையெல்லாம் நீக்கிச் சுருக்கிய ஒரு பின்னத்தை வர்க்கித்தால், தொகுதியிலும் பகுதியிலும் புதிய பொதுக் காரணி எதுவும் தோன்றாது. எனவே அதன் வர்க்கமும் பின்னமாகவே இருக்கும். 12 என்ற முழு எண்ணாக ஒருபோதும் ஆகாது. முழு வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் இவ்வாதம் பொருந்தும். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இதனைக் கரும்பலகையில் ஐந்து நிமிடங்களில் விளக்கிவிடலாம்.

முதல் முறை: இலக்கம் இலக்கமாகக் காணுதல்

ஆரியபடர் 499-ஆம் ஆண்டைச் சார்ந்த தம் ஆரியபடீயத்தில், கணிதபாதத்தின் நான்காம் சுலோகத்தில் வர்க்கமூலம் காணும் முறையைக் கூறியுள்ளார். இதுவரை கண்ட மூலத்தின் இருமடங்கால் வகுத்து, கிடைத்த ஈவின் வர்க்கத்தை அடுத்த தானத்தில் கழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் வகுத்தல் முறையும் அடிப்படையில் இதுவேயாகும்.

12-ஐ 12.00 00 00 00 என்று இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து எழுதுக.

12-இல் அடங்கும் பெரிய வர்க்கம் 9, மூலம் 3, மீதி 3. இரண்டு பூச்சியங்களை இறக்க, 300.

3-இன் இருமடங்கு 6. 64 × 4 = 256. (65 × 5 = 325 என்பது 300-ஐ மிஞ்சும்.) அடுத்த இலக்கம் 4; மீதி 44. பூச்சியங்களை இறக்க, 4400.

34-இன் இருமடங்கு 68. 686 × 6 = 4116. அடுத்த இலக்கம் 6; மீதி 284. பூச்சியங்களை இறக்க, 28400.

346-இன் இருமடங்கு 692. 6924 × 4 = 27696. அடுத்த இலக்கம் 4, மீதி 704. பூச்சியங்களை இறக்க, 70400.

3464-இன் இருமடங்கு 6928. 69281 × 1 = 69281. அடுத்த இலக்கம் 1, மீதி 1119.

ஆக, மூலம் 3.4641. கடைசி மீதி 1119 என்பது, 12-க்கும் 3.4641-இன் வர்க்கத்திற்கும் உள்ள வேறுபாடு 0.00001119 என்பதைக் காட்டுகிறது. உண்மையான மூலம் 3.4641-க்கும் 3.4642-க்கும் இடையில் உள்ளது என்று உறுதியாகக் கூறலாம். இம்முறையில் எழுதிய ஓர் இலக்கத்தைப் பின்னர் மாற்ற வேண்டுவதில்லை என்பது இதன் சிறப்பு.

பூச்சியங்களைச் சேர்ப்பதன் பொருளையும் மாணவர் உணர வேண்டும். எண்ணை ஒரு பெரிய வர்க்கத்தால் பெருக்கி, மூலங்கண்டு, அவ்வர்க்கத்தின் மூலத்தால் வகுக்க வேண்டும் என்று ஸ்ரீதரர் தம் கணித நூலில் கூறியது இதனையே. எட்டுப் பூச்சியங்களைச் சேர்த்தபோது நாம் 10,000-இன் வர்க்கத்தால் பெருக்கினோம். விடையில் தசமப் புள்ளியிட்டபோது 10,000-ஆல் வகுத்தோம்.

இரண்டாம் முறை: சராசரி எடுத்தல்

12-இன் மூலம் 3.5 என்று உத்தேசமாகக் கொள்வோம். 12-ஐ 3.5-ஆல் வகுக்க 3.4286 வருகிறது. ஒன்று மூலத்திற்கு மிகுதி, மற்றொன்று குறைவு. உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் இருந்தே தீர வேண்டும். ஆகவே இவற்றின் சராசரியை எடுக்க, 3.4642857.

மீண்டும் 12-ஐ இதனால் வகுக்க, 3.4639175. இவ்விரண்டின் சராசரி 3.4641016. இரண்டே படிகளில் ஏழு தசம இடங்கள் சரியாகிவிட்டன. ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகுவது இம்முறையின் வேகம். மேலும், இடையில் ஓர் எண்ணைச் சற்றுத் தவறாகக் கணக்கிட்டாலும் அடுத்த படி அதனைத் திருத்திவிடும்.

1881-ஆம் ஆண்டில் பெஷாவருக்கு அருகிலுள்ள பக்ஷாலி என்னும் ஊரில் கிடைத்த பழஞ்சுவடியில் இதற்கு நெருங்கிய விதி ஒன்று காணப்படுகிறது. அவ்விதியை 12-க்குப் பொருத்துவோம். 12 = 9 + 3. மிகுதியான 3-ஐ மூலத்தின் இருமடங்காகிய 6-ஆல் வகுக்க, அரை. ஆகவே முதல் விடை 3.5. அந்த அரையின் வர்க்கமான கால், 3.5-இன் இருமடங்காகிய 7-ஆல் வகுக்கப்பட்டு அதிலிருந்து கழிக்கப்படுகிறது. கிடைப்பது 3.4642857. நாம் முதற்படியில் கண்ட சராசரியும் இதுவேயாகும்.

திருவனந்தபுரம் தந்த சான்று

12-ஐ எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்த கேரளக் கணித அறிஞர் சங்கமகிராம மாதவருடைய மரபில், வட்டத்தின் சுற்றளவைக் காண ஒரு தொடர் வழங்கியது. விட்டத்தின் வர்க்கத்தை 12-ஆல் பெருக்கி மூலங்காண வேண்டும். அதுவே முதல் உறுப்பு. அதனை மீண்டும் மீண்டும் 3-ஆல் வகுத்து, முறையே 1, 3, 5, 7 ஆகிய ஒற்றை எண்களாலும் வகுத்து, மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் செல்ல வேண்டும். ஏறத்தாழ 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷா இம்மரபின் முடிவுகளைக் காரணத்துடன் விளக்கும் நூலாகும்.

முதல் உறுப்பின் பொருளைப் படம் வரைந்து காணலாம். வட்டத்தைச் சூழ்ந்து தொடும் சம அறுகோணத்தின் சுற்றளவு, விட்டத்தைப் போல் 12-இன் மூலமடங்கு, அதாவது 3.4641 மடங்கு ஆகும். பின்வரும் உறுப்புகள் அவ்வறுகோண அளவை வட்டத்தின் அளவுக்குக் கொண்டுவருகின்றன. பத்து உறுப்புகளைக் கணக்கிட்டாலே 3.14159 வரை சரியாக வந்துவிடும்.

ஆனால் 12-இன் மூலத்தைச் செம்மையாகக் காணாவிடில் இவ்வளவு உழைப்பும் வீணாகும். மூலத்தை 3.46 என்று நிறுத்திக்கொண்டால், எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் விடை 3.1379-ஐ ஒட்டியே நிற்கும். 3.464 என்று கொண்டால் 3.1415 கிடைக்கும். மாதவருக்கு உரியதாகக் கூறப்படும் அளவோ, 90,000 கோடி விட்டத்திற்குச் சுற்றளவு 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233 என்பது. இது பதினொரு தசம இடங்கள் வரை சரியானது. மூலம் காண்பதில் அம்மரபினர் எய்திய திறமையின்றி இத்தகைய நுட்பம் கைகூடியிராது.

இந்நூல்களுள் பலவற்றை அச்சில் நமக்கு அளித்தது திருவனந்தபுரம். 1905-இல் தொடங்கிய திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல் வரிசையில், நீலகண்ட சோமயாஜி ஆரியபடீயத்திற்கு எழுதிய பாஷ்யம் 1930, 1931, 1957 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது; அவருடைய தந்திரசங்கிரகம் 1958-இல் வெளியாயிற்று. கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் காரியவட்டத்தில் உள்ள கீழைக்கலை ஆராய்ச்சி நிலையமும் சுவடி நூலகமும் ஓலைச்சுவடிகளைப் பேணி வருகின்றன. அப்பாஷ்யத்தில் நீலகண்டர், விட்டத்தை மீதியின்றி அளக்கும் ஓர் அலகால் சுற்றளவை அளந்தால் மீதி எஞ்சும் என்றும், மீதியைக் குறைக்கலாமேயன்றி முற்றிலும் ஒழிக்க இயலாது என்றும் விளக்குகிறார். 12-இன் மூலத்திற்கும் அலகைப் பொறுத்தவரை இதே நிலைதான். தோராயம் என்பது அறியாமையின் அடையாளமன்று. எவ்வளவு அண்மையில் வந்துள்ளோம் என்பதை அறிந்து கூறும் அறிவே அது.

எத்தனை இலக்கங்கள் வேண்டும்?

களப்பணியாளருக்கு முக்கியமான வினா இது. 128-இன் மூலத்தை 11 என்று தொடங்கி இருமுறை சராசரி எடுத்தால் 11.3137 கிடைக்கும். மில்லிமீட்டர் வரை காட்டும் நாடாவுக்கு 11.314 போதும். அதற்கு மேல் இலக்கங்களை எழுதுவதால் அளவு செம்மையாவதில்லை. சதுரத்தின் பக்கங்களை அளந்ததிலேயே 1 சென்டிமீட்டர் பிழை இருந்தால், மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 1.4 சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். ஆகவே கணக்கின் நுட்பம் அளவின் நுட்பத்தைவிட ஓர் இலக்கம் மிகுந்திருந்தால் போதுமானது. முளை அடித்த பின்னர் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக உள்ளனவா என்று பார்த்துவிடுவது இன்றியமையாதது.

பயிற்சிகள்

1. 7, 50 ஆகியவற்றின் மூலங்களை இருமுறைகளாலும் நான்கு தசம இடங்கள் வரை காண்க. (விடை: 2.6458, 7.0711)

2. 20, 30, 40 மீட்டர் பக்கங்களுள்ள முக்கோண நிலத்தின் பரப்பைக் காண்க. பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதி 45. அதிலிருந்து பக்கங்களைத் தனித்தனியே கழிக்க 25, 15, 5. நான்கு எண்களின் பெருக்கம் 84,375. இதன் மூலமே பரப்பு. (விடை: ஏறத்தாழ 290.47 சதுர மீட்டர்)

3. சுல்ப சூத்திரங்களில் 2-இன் மூலத்திற்குக் கூறப்பட்ட அளவு 577/408-க்குச் சமம். 577-இன் வர்க்கத்தையும், 408-இன் வர்க்கத்தின் இருமடங்கையும் கண்டு ஒப்பிடுக. வேறுபாடு ஒன்றே ஒன்று என்பதை மாணவர் தாமே கண்டறியுமாறு செய்க.

பயிற்சிகளைச் செய்யும்போது விடையை மட்டும் எழுதச் சொல்லாமல், அதன் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் உடன் எழுதுமாறு மாணவரைப் பழக்குதல் நலம். வகுப்பறையில் அமையும் அப்பழக்கம் பின்னர் மனையிலும் வயலிலும் அவர்களுக்குத் துணைநிற்கும்.