ஆறாவது சோதனையின் விலை

பத்தாயிரம் பேரை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். அவர்களுள் 72 பேருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறது. யார் யாருக்கு என்பது தெரியாது. வயது ஏற ஏற மிகுந்துவரும் நோய் இது. குடற்கட்டியிலிருந்து கசியும் குருதி, கண்ணுக்குப் புலப்படாத அளவில் மலத்தில் கலந்திருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் எளிய இரசாயனச் சோதனை ஒன்று உண்டு. ஒருமுறை செய்தால், நோயுள்ள 12 பேரில் 11 பேரைக் கண்டுபிடித்து ஒருவரைத் தவறவிடும் என்று கொள்வோம்.

முதல் சோதனையில் 66 பேர் அகப்படுவர். தவறியவர் 6 பேர். மீண்டும் சோதித்தால் அந்த ஆறில் ஐந்தரைப் பேர் கிடைப்பர். (அரைப் பேரா என்று சிரிக்காதீர்கள்; இது சராசரிக் கணக்கு.) மூன்றாவது சோதனைக்கு மிஞ்சுவதே அரைப் பேர்தான். ஆறாவதற்கு எவ்வளவு மிஞ்சும்? 72-ஐ ஐந்து தடவை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.0003-க்கும் குறைவு! மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோரை ஆறாம் முறை சோதித்தால்தான் புதிதாக ஒரு நோயாளி கிடைப்பார்.

அமெரிக்காவில் அந்நாளில் ஆறு முறை சோதிப்பது நல்லதென்று கருதப்பட்டது. 1975-இல் நியூஹாசர், லெவிக்கி என்னும் இருவர் இதன் செலவைக் கணக்கிட்டனர். ஆறு சோதனைகளின் மொத்தச் செலவைக் கண்டறிந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு 2,451 டாலர். இது சராசரிச் செலவு. ஆறாவது சோதனையால் கூடிய செலவை மட்டும், அதனால் கூடுதலாகக் கிடைத்த நோயாளியைக் கொண்டு வகுத்தால் 4 கோடியே 71 இலட்சம் டாலர்! இது இறுதிநிலைச் செலவு. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தத் தொகை படவே படாது.

யார் பணம் இது? அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரின் மருத்துவச் செலவை ஏற்க 1965-இல் மெடிகேர் சட்டம் வந்தது. பொதுப் பணம் ஓரிடத்தில் வீணானால், வேறொரு முதியவரின் சிகிச்சைக்கு அது கிடைக்காது.

அப்படியானால் பொருளாதார அறிஞரிடமே முடிவை விட்டுவிடலாமா? அதுவும் சரியன்று. மேற்கண்ட கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் தனித்தனியே பகடை உருட்டுவது போன்றது என்று அது எடுத்துக்கொண்டது. குடலை அறிந்த மருத்துவர் கேட்பார்: “சில கட்டிகள் விட்டுவிட்டுத்தானே கசியும்? கசியாத கட்டியை ஆறு முறை சோதித்தாலும் எப்படிக் காண்பது?” 1990-இல் இரு ஆய்வாளர்கள் அந்தப் பெருந்தொகை உண்மையன்று என்றே வாதிட்டனர். தொகை விழுந்தாலும் முறை விழவில்லை. ‘அடுத்த சோதனையால் கூடுதலாகக் கிடைப்பது என்ன?’ என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.

ஆகவேதான் இரு கல்வியையும் ஒருவரிடமே சேர்க்கும் முயற்சி எழுந்தது. ஆலன் கார்பர் 1982-இல் ஹார்வர்டில் பொருளாதார முனைவர் பட்டமும், 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவப் பட்டமும் பெற்றார். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்து, மருத்துவச் செலவையும் பயனையும் ஆராய்ந்தார். 1974-இல் நிறுவப்பெற்ற அந்நாட்டுத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், முதுமையையும் மருத்துவச் செலவையும் ஆராய்வோரின் பயிற்சிக்குப் பொருளுதவி செய்து வந்திருக்கிறது. இப்பாதை நெடியது. பிணியாளரைப் பார்த்துப் பழகியவர், பல ஆண்டுகள் கணிதமும் புள்ளியியலும் படித்தாக வேண்டும். எல்லா மருத்துவரும் இதற்கு முன்வர மாட்டார்கள்; வரவும் வேண்டியதில்லை.

முதியோரிடத்தில் கணக்கு இன்னும் சிக்கலானது. குடலில் தோன்றும் சிறு முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு பிடிக்கும். 85 வயதில், இதயம் தளர்ந்த ஒருவரிடம் அம்முளையைக் கண்டுபிடித்துப் பெறும் பயன் சொற்பம். குழாயை உட்செலுத்திப் பார்க்கையில் குடல் துளைபடும் ஆபத்தோ உடனடியானது. 2021-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 45 முதல் 75 வயது வரை எல்லோரையும் சோதிக்கலாம் என்றது. 76 முதல் 85 வரை, அவரவர் உடல்நிலையையும் முன்பு செய்துகொண்ட சோதனைகளையும் விருப்பத்தையும் பார்த்து முடிவு செய்யச் சொன்னது. 78 வயதிலும் தினமும் நடந்து செல்பவர், ஒருமுறைகூடச் சோதித்துக் கொள்ளாதவர் என்றால், அவருக்கு அது முதல் சோதனை, ஆறாவது அன்று.