பண்டிகைக்கால இணைய ஏலம்: விலையும் நாணயமும்

முன்னுரை

ஏலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்னும் குரல்தான். கூடியிருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்பர், விலை ஏறும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காணாத இணைய ஏலத்தில், அதுவும் பண்டிகைக் காலத்தில், விற்பனையைப் பெருக்குவது எங்ஙனம்? வணிகவியல் வகுப்பில் ஏலம் பற்றிய பாடம் நடந்தபோது என் மனத்தில் எழுந்த வினா இது. அமெரிக்காவின் ஈபே நிறுவனத்தைச் சான்றாகக் கொண்டு இதற்கு விடை காண முயல்கிறேன்.

தோற்றமும் முறையும்

1995-ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்பவர் இந்த இணைய ஏலத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விலைபோனது பழுதடைந்த லேசர் சுட்டுக்கருவி ஒன்று, விலை 14.83 டாலர். பழுதான பொருளுக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அது காட்டிற்று.

இங்கு வாங்க விரும்புவோர் தாம் தரக்கூடிய உச்ச விலையைப் பதிவு செய்வர். கணினி தேவையான அளவு மட்டுமே ஏற்றிக் கேட்கும். ஒருவரது உச்சம் 50 டாலர், அடுத்தவரது உச்சம் 35 டாலர் எனில், முன்னவர் 36 டாலருக்குப் பொருளைப் பெறுவார். எனவே விலையை நிர்ணயிப்பவர் தோற்றுப்போன இரண்டாமவரே! 1996-இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் விக்ரி, இத்தகைய ஏலத்தின் இயல்பை 1961-லேயே ஆராய்ந்தார். ஆவலுள்ள ஒருவர் இருந்தால் போதாது, இருவராவது வேண்டும் என்பதே விற்பவருக்கு இதிலுள்ள பாடம்.

நாட்கணக்கு

அந்த இருவரையும் கொண்டுவந்து சேர்ப்பது பண்டிகைக் காலம். அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள். அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு 2005-இல் 'சைபர் திங்கள்' என்றே பெயரிட்டனர். அதுமுதல் கிறிஸ்துமஸ் வரை பரிசுப்பொருள் தேடுவோர் கூட்டம் மிகும்.

1999-இல் பழைய ஒரு சென்ட் நாணயங்களின் ஏலங்களை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், ஏல நாட்கள் நீண்டால் விலை உயரக் கண்டனர். அப்படியானால் பத்து நாள் ஏலமே சிறந்ததா? இங்கேதான் நாட்காட்டி குறுக்கிடுகிறது. பரிசு டிசம்பர் 23-இல் சேர வேண்டும் என்க. அஞ்சலுக்கு 6 நாள் எனில் 17-இல் அனுப்ப வேண்டும். பணம் பெறவும் பொட்டலம் கட்டவும் 2 நாள் எனில் ஏலம் 15-இல் முடிய வேண்டும். ஆகவே பத்து நாள் ஏலத்தை 5-ஆம் தேதியே தொடங்கியாக வேண்டும். 14-இல் தொடங்குபவரின் ஏலம் 24-இல் முடியும். பொருள் பண்டிகை கழிந்தபின் போய்ச் சேரும். காலந்தாழ்த்தித் தொடங்குபவர் மூன்று நாள் ஏலத்தோடு நிறைவடைவதே அறிவுடைமை.

விலைக் கணக்கு

தொடக்க விலையைக் குறைத்து வைத்தால் கேட்போர் கூடுவர் என்பது பொதுவிதி. இதனைச் சிலர் தந்திரமாகவும் கையாள்வதுண்டு. ஹொசைன், மார்கன் எனும் இருவர் இசைத்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஈபேயில் விற்றுச் சோதித்து, முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர். 4 டாலரில் தொடங்கி அஞ்சல் செலவு இல்லை என்றதைவிட, ஒரு சென்டில் தொடங்கி அஞ்சலுக்கு 3.99 டாலர் என்றபோது மொத்த வருவாய் மிகுந்தது. அஞ்சல் செலவை வாங்குவோர் சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை!

இதைப் படித்ததும், விற்பனையைப் பெருக்கும் வழி இதுவே என்று எண்ணினேன். அடுத்த ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது.

பெயரின் மதிப்பு

அதே 2006-இல் வெளிவந்தது ரெஸ்னிக் முதலியோரின் ஆய்வு. ஒரே வகையான பழைய அஞ்சலட்டைத் தொகுதிகளை, நற்பெயர் பெற்ற விற்பனையாளர் தம் பெயரிலும், புதிய பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1 சதவீதம் கூடுதலாகத் தர முன்வந்தனர். பொருள் ஒன்றே, கூடுதலாகக் கிடைத்தது பெயருக்கான விலை! மேற்சொன்ன நாணய ஏலங்களிலோ, நல்ல மதிப்புரைகள் விலையை உயர்த்தியதைவிடத் தீய மதிப்புரைகள் விலையைக் குறைத்ததே மிகுதியாக இருந்தது.

சிறு விற்பனையாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பண்டிகைக்குப் பிந்தி வந்த பொம்மையால் ஏமாறுவது ஒரு குழந்தை. மறைத்த கீறலும், மிகைப்படுத்திய அஞ்சல் செலவும் மதிப்புரையாகத் திரும்பி வரும். ஒரு பருவத்தில் பெற்ற சில டாலர்களுக்காக, வரும் பருவங்களின் வருவாயை இழப்பது வணிகமாகுமா?

முடிவுரை

இன்று ஈபேயிலும் பெரும்பாலான விற்பனை நிலைத்த விலையிலேயே நடைபெறுகிறது. எங்கும் கிடைக்கும் பொருளுக்கு ஏலம் தேவையில்லை. அரியதும், விலை இன்னதென்று அறுதியிட முடியாததுமான பொருளுக்கே ஏலம் ஏற்றது. அத்தகைய பொருளை விற்பவர் நாட்களைப் பின்னிருந்து எண்ணட்டும். குறைந்த விலையில் தொடங்கட்டும். குறையையும் படம்பிடித்துக் காட்டட்டும். அஞ்சலுக்கு ஆகும் செலவை மட்டும் கேட்கட்டும். முகம் காணாத சந்தையில் விற்பவருக்கு முகமாக இருப்பது அவரது நாணயமே என்பது என் கருத்து.