கூடாரம் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அங்சி மலைக்கும் கேமரன் மலைக்கும் ஒரே கூடாரம் போதுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போதும். ஆனால், எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று கடையில் காட்டும் கனத்த கூடாரத்தை மட்டும் வாங்காதே. அது பனிமலைக்காகத் தைத்தது. உள்ளே காற்றோட்டம் குறைவு. நம் நீலாயில் நள்ளிரவிலும் 24 டிகிரி வாக்கில் புழுங்கும். 825 மீட்டர் அங்சி உச்சியில் நாலைந்து டிகிரிதான் குறையும். கேமரன் மலையின் குளிரைப் போர்வைப்பை பார்த்துக்கொள்ளும். குளிரைத் தடுப்பது கூடாரத்தின் வேலையே இல்லை.

நமக்கு எதிரி தண்ணீர். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலையானால் இடியோடு கொட்டும். இடைப்பட்ட மாதங்களில், விடியும் முன் மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சுமத்ரா சூறைக்காற்று வரும். ரப்பர் மரம் நனைந்து பால்வெட்டு நின்றுபோன காலைகளைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்.

அதனால் இரண்டு அடுக்குக் கூடாரமாகப் பார். உள்ளடுக்கு பெரும்பாலும் கொசுவலையாக இருக்கட்டும். மழைவிரிப்பு நாலு பக்கமும் தரைக்கு ஒரு சாண் உயரம்வரை இறங்கி, மேலே காற்றுத் திறப்போடு இருக்க வேண்டும். இரவெல்லாம் நீ விடும் மூச்சு அந்த விரிப்பின் உட்புறத்தில் நீர்முத்தாகக் கோக்கும். வலை தனியாக இருந்தால் அந்த நீர் உன்மேல் படாமல் ஓரமாக வழிந்துவிடும். விரிப்புத் துணி பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும்; நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டிவரும்.

கடையில் விரிப்பை உட்புறம் திருப்பித் தையலைப் பார். தையல்மேல் ஒட்டிய நாடாவை நகத்தால் நெருடு. ஓரம் கிளம்பினால் வைத்துவிட்டு வா. நீர்தாங்கும் அளவு விரிப்புக்கு 2000 மில்லிமீட்டர், தரைக்கு 3000 இருந்தால் போதும். மழைவிரிப்பை முதலில் கட்டி, அதன் அடியில் உள்ளடுக்கை மாட்ட முடியுமா என்றும் கேள். கொட்டும் மழையில் போய்ச் சேரும்போது இதைப் போல உதவுவது வேறில்லை. இருவர் கூடாரம் இரண்டு கிலோவுக்குள் கிடைத்தால் முதுகுக்கு நல்லது.

வாங்கியதும் வீட்டு வாசலில் விரித்து, ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிப் பார். திரும்பி வந்ததும் நிழலில் உலர்த்து. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நம் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். நாளடைவில் பூச்சு பிசுபிசுத்து உரியும்.

எவ்வளவு நல்ல கூடாரமும் தவறான இடத்தில் காப்பாற்றாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் முகாமிட்டுத் தூங்கியவர்கள்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்து 31 பேர் இறந்தார்கள். சரிவின் அடியில் படுக்காதே. அங்சி அடிவாரத்து உலு பெண்டுல் ஓடைக்கரையிலும் வேண்டாம். மேலே மழை பெய்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். பட்ட கிளை உள்ள மரத்தடியும் டுரியான் மரத்தடியும் கூடாது. பகல் வெளிச்சத்தில் இடத்தை நேரில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் முகாமுக்குப் பணம் கட்டு.

அன்புடன்,
அண்ணன்