மாட்டுக்கொட்டகையில் கோழிக்குஞ்சுக்கு ஒரு மூலை

மாட்டுக்கொட்டகை இருக்கிற வீட்டில் கோழிக்குத் தனிக்கூரை தேவையில்லை. ஒரு மூலையை ஒதுக்கினால் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைத் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் மாடு தாங்கும் ஈரத்தையும் கோமிய நெடியையும் குஞ்சு தாங்காது. மூத்திரக் கால்வாய்க்கு எதிர்ப்பக்கம், தரை மேடாகவும் சாரல் அடிக்காமலும் இருக்கும் மூலையைப் பாருங்கள்.

குஞ்சு வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பழைய சாணத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். நெல் உமியோ கடலைத்தோலோ 2 அங்குலம் பரப்பி, மேலே செய்தித்தாள் விரியுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு நாள் உமியையே தின்று வயிறு அடைத்துக்கொள்ளும். ஒன்றரை அடி உயர அட்டையோ தகரமோ கொண்டு வட்டமாக அடைப்பு கட்டுங்கள். சதுரமாகக் கட்டினால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும்.

சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒன்று எரிந்துபோனாலும் மற்றது காப்பாற்றும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பல்பை மின்வயரில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டுங்கள், வைக்கோலைத் தள்ளி வையுங்கள். கொட்டகையில் தீப்பிடித்தால் மாடும் போய்விடும்.

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும் என்பது கணக்கு. வெப்பமானி வைத்திருந்தாலும் குஞ்சுகளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பல்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தினால் குளிர். ஓரமாக ஒதுங்கி, சிறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பல்பை உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது, சாக்குப் படுதா கட்டுங்கள். பரவலாக மேய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால்தான் சரி. விடியற்காலை நான்கு மணிக்குக் கட்டாயம் ஒரு தடவை எழுந்து பாருங்கள், குளிர் அப்போதுதான் இறங்கும்.

வந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் வெல்லம் கரைத்த, காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒருமுறை நனைத்துவிடுங்கள். குடித்துப் பழகியபின் மக்காச்சோளக் குருணை, அடுத்த நாளிலிருந்து குஞ்சுத் தீவனம். கொட்டகையில் கிடக்கிறதே என்று மாட்டுத் தீவனம் போட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய யூரியாவும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கோழிக்கு ஆகாது. கோழித் தீவன மூட்டையை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள், தானியத்தை அளவுமீறித் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து. பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து, 28ஆம் நாள் மறுபடியும், எட்டாம் வாரத்தில் ஊசி. நோய் வந்தபின் மருந்து கிடையாது. கால்நடை மருந்தகத்திலிருந்து மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவாருங்கள். உமியைத் தினமும் கிளறி, நனைந்ததை அப்புறப்படுத்துங்கள். ரத்தக்கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும்.

ஆறாம் வாரத்துக்குள் கூண்டு தயாராக வேண்டும். கோழிக்கு 2 சதுர அடி, 50 கோழிக்கு 10க்கு 10 அடி. கீழே 2 அடி சுவர், அதற்குமேல் அரை அங்குலக் கம்பிவலை. மேற்பக்கத்தையும் வலையால் மூடுங்கள், கீரி கீழே வரும், மரநாய் உத்திரம் வழியாக இறங்கும். இரவில் அடைய மணிக்கட்டுப் பருமன் கழிகளை 2 அடி உயரத்தில் கட்டுங்கள். மாட்டுத் தொட்டிக்கு மேலே கோழி அடையவே கூடாது, எச்சம் விழுந்த தீவனம் மாட்டுக்கு நோய்.

எட்டாம் வாரத்துக்குப்பின் வெளியே விடலாம். மாட்டு உண்ணியைக் கொத்தும், சாணத்தைக் கிளறிப் புழு தின்னும். முதல் சில நாள், சாயங்காலத் தீவனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் திறந்துவிடுங்கள். பசியோடு இருப்பவை தட்டுச் சத்தம் கேட்டதும் தானாகக் கூண்டுக்குள் வந்துவிடும்.