பழைய கண்டெய்னரில் கட்டடம்: வாங்குமுன் ஆராய வேண்டியவை

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி போன்ற மலைப்பகுதிகளில் சிறு தங்கும் விடுதி அமைக்க எண்ணுவோர்க்குப் பழைய கப்பல் கண்டெய்னர் சிக்கனமான வழியாகத் தோன்றும். முன்பணம் கொடுக்குமுன், பெட்டி தகுதியுடையதா, அந்த இடத்திற்குப் பொருந்துமா என்னும் இரண்டையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

20 அடிக் கண்டெய்னரின் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாரம் முழுவதையும் நான்கு மூலைத் தூண்களே தாங்குகின்றன. கூரைத் தகட்டின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். பக்கச் சுவரில் பெரிய சன்னல் வெட்டினால் சட்டகம் வலுவிழக்கும். வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும்.

நேரில் சோதிப்பது எளிது. துணைக்கு ஒருவரை வெளியே நிறுத்தி, உள்ளே நின்று கதவை மூடச் செய்தால், ஓட்டைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். கதவு சரியாக மூடவில்லையெனில் சட்டகம் கோணியிருக்கலாம். அடிப்புறக் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அப்பெட்டியைத் தவிர்ப்பதே நலம். கதவிலுள்ள உலோகத் தகட்டில் தயாரிப்புத் தேதியைக் காணலாம். தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பது வழக்கம். மனிதர் தங்கும் அறையாயின் பலகையை மாற்றுவது பாதுகாப்பானது.

இனி இடம். பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலை. கண்டெய்னரின் எஃகு, நனைந்து உலரும் சூழலில்தான் தன்மீது காப்புப் படலத்தை உருவாக்கிக்கொள்ளும். ஈரம் நீடித்தால் துரு தொடரும். ஆதலால் தனிக் கூரை, வண்ணப்பூச்சு, காற்றோட்டம் ஆகியவை இன்றியமையாதவை. மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 40 அடிப் பெட்டியை ஏற்றிச் செல்வது கடினம். கிரேன் நிற்க இடமுண்டா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் விலையோடு போக்குவரத்து, கிரேன், அடித்தளம், வெல்டிங், வெப்பத்தடுப்பு ஆகியவற்றையும் கூட்டி, செங்கல் கட்டடத்தின் மதிப்பீட்டோடு ஒப்பிடுக. நகர்த்தக்கூடியது என்பதால் கட்டட அனுமதி வேண்டாம் எனக் கருதலாகாது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிக. நிலம் தோட்ட நிலமாயின் கூடுதல் கவனம் தேவை: 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு அளிக்கும் உச்சவரம்பு விலக்கு, பிற பயன்பாட்டிற்கு மாற்றினால் பாதிக்கப்படலாம்.

பத்திரம், அனுமதி, கட்டமைப்புப் பொறியாளரின் சான்று ஆகிய மூன்றும் கைக்கு வந்தபின் பெட்டிக்குப் பணம் கொடுப்பதே முறை. கடன் கோரும்போதும் இவையே நமக்குத் துணை நிற்கும்.